ஊழும் ஆள்வினையும்

உலகத்து உயிர்கள் யாவும் முயல்கின்றன. எறும்பு இரை தொகுக்கின்றது; தூக்கணங்குருவி கூடு பின்னுகின்றது; சிலந்தி வலை இழைக்கின்றது. அவற்றின் தொழிற்றிறங் கண்டு நாம் வியக்கின்றோம். எனினும், தூக்கணங்குருவியின் கூடு நம் பாட்டன்மார் காலத்தில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே இன்றும் இருக்கின்றது. மனிதனோ தான் செய்த கருமத்தைத் தானே எதிர்நின்று நோக்கி, 'இஃது இவ்விடத்துக் குறையுடைத்து' என்று கண்டு, நாளை இதனிற் சிறந்ததொன்றைச் செய்யக் கருதுகின்றான். இக்கருத்தே மேம்பாட்டுக்கு வித்து. இவ்வித்தை முளைப்பிப்பது முயற்சி. முளைத்ததை வாடாது காப்பது விடாமுயற்சி. இவ்விரண்டையும் ஒருங்கே அடக்கி ஆள்வினை என்றனர் ஆன்றோர்.

ஆள்வினையைக் குறித்து நம் வித்தியாசாலைகளில் இரண்டு வார்த்தைகள் வழங்குகின்றன. கணக்கிற் பின்னிற்கும் சிறுவனைச் சுட்டி, 'அவன் தலையெழுத்து அவ்வளவுதான்' என்பது ஒன்று. பரிசளிப்பு விழா மேடையில் நின்று, 'முயன்றால் முடியாதது ஒன்றுமில்லை' என்பது மற்றொன்று. ஒரே உபாத்தியாயர் காலையில் முன்னதையும் மாலையிற் பின்னதையுஞ் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஒன்றற்கொன்று மாறான இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. ஒருங்கே பொய்யாதல் கூடும். அவை இரண்டும் பொய்யே என்பதும், அவற்றிற்கு இடையே ஆசிரியர் அஞ்சாது சொல்லத்தக்க மெய்ம்மொழி ஒன்று உளது என்பதும் யாம் ஈண்டுக் காட்டப் புகுவன.

முதலாவது வார்த்தையை எடுத்துக்கொள்வோம். இதனைச் சொல்வோர் சைவ சித்தாந்தம் தமக்குத் துணைநிற்பதாகக் கருதுகின்றனர். வினைப்பயன் உண்டென்பது நம் சமயத் துணிபன்றோ என்பர். துணிபே, மறுப்பாரில்லை. ஆயின் அத்துணிபை முழுதும் நோக்குதல் வேண்டும். வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கப்பட்டுள்ளது. பண்டு ஈட்டிக் கிடப்பது சஞ்சிதம். அதனின்றும் இப்பிறப்பில் நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். நுகருங்கால் புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். தலையெழுத்து என்போர் நடுநின்ற ஒன்றை மாத்திரம் பற்றிக்கொண்டு மூன்றாவதை மறந்துவிடுகின்றனர். இன்று செய்யுஞ் செயலுக்கு இடமே இல்லையாயின் ஆகாமியம் என்னுஞ் சொல் பொருளற்றதாய் முடியும். அன்றியும், வினை சடமாதலின் தானே வந்து பொருந்தமாட்டாது, இறைவனே அதனைக் கூட்டுவிப்பன் என்பதும் நம் கொள்கை. எச்சிறுவனுக்கு எதனை எக்காலத்து எவ்வளவு கூட்டுவிப்பன் என்னுங் கணக்கு இறைவனிடத்தது. அதனை மூன்றாந் தவணைப் புள்ளிப் பட்டியலிலிருந்து வாசித்தறிந்துவிட்டதாக ஓர் உபாத்தியாயர் எண்ணுதல் பேதைமையாம்.

திருவள்ளுவனார் ஊழுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அறத்துப்பாலின் இறுதியில் நிறுத்தினார். பின்னர்ப் பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கு அதிகாரங்களை 60 முதல் 63 வரை தொடர்ந்து வைத்தார். ஊழின் வலியை எடுத்துரைத்த அவரே முயல்வாரை உயர்த்தியும் உரைத்தார். ஊழுக்கு ஒன்றும் முயற்சிக்கு நான்குமாக நிற்கும் இவ்வைப்பு நாம் நாள்தோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நூலிலேயே உள்ளது. அதனைக் கற்பிக்கும் நாவினாலேயே 'தலையெழுத்து' என்று சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்?

நூலை விட்டு நிலத்தை நோக்கினும் இவ்வுண்மை விளங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மண்ணுக்கு அடியிற் சுண்ணக்கல். மழையோ ஆண்டின் கடைசி மாதங்களிற் பெரும்பாலும் பெய்து ஓய்ந்துவிடுவது. இஃது இந்நிலத்துக்கு வாய்த்த ஊழ். இதனைக் கண்ட நம் மூதாதையர், 'எமக்கு ஆறு எழுதப்படவில்லை' என்று கைகட்டி இருந்தனரா? கல்லைப் பிளந்து கிணறு தோண்டினர். துலா நாட்டி, அதன்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதித்து நீரிறைத்தனர். குழையும் எருவும் புதைத்து மண்ணைப் பண்படுத்தினர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைத்தனர். அதனாற் குடாநாடு காவிரிக்கரை ஆகிவிட்டதா எனின், ஆகவில்லை. நிலத்தை அவர் மாற்றினாரல்லர். அந்நிலத்தில் எது விளையும் என்று பிறர் கருதியிருந்த எல்லையை மாற்றினர். ஊழ் என்பது கொடுக்கப்பட்ட நிலம். ஆள்வினை என்பது அந்நிலத்திற் செய்யப்படும் உழவு. நிலத்தைப் பார்த்த அளவிலே விளைவைச் சொல்லிவிடுவோன் உழவறியாதவன்.

தலையெழுத்தென்னும் வார்த்தை செய்யுங் கேடு இருமடங்காகும். இளம்பிள்ளை ஆசிரியர் வாய்மொழியை வேதமாகக் கொள்வது. எட்டு வயதில் 'மொக்கு' என்று பெயர் பெற்ற பிள்ளை அப்பெயரைச் சட்டைபோல அணிந்துகொண்டு, பன்னிரண்டு வயதில் அதற்கேற்ப நடக்கப் பழகிவிடுகின்றது. இது பிள்ளைக்கு வருங் கேடு. ஆசிரியருக்கு வருங் கேடோ எளிதிற் புலப்படாதது. விதியென்று தீர்ப்புச் சொல்லிவிட்டபின், வேறொரு வழியாற் கற்பித்துப் பார்க்கவேண்டுங் கடமை அவருக்கு இல்லாதொழிகின்றது. பின்னம் விளங்காத சிறுவனுக்கு ஒரு தோடம்பழத்தை வெட்டிக் காட்டியிருக்கலாம். முந்திய வகுப்பிற் பெருக்கல் வாய்பாடு தவறியிருக்கின்றதா என்று பார்த்திருக்கலாம். கரும்பலகை எழுத்து அவன் கண்ணுக்குத் தெரிகின்றதா என்று வினாவியிருக்கலாம். விதி என்ற ஒரு சொல் இவை அனைத்தினின்றும் அவரை விடுவித்துவிடுகின்றது. ஆதலின், அச்சொல் சாத்திரத்திற் பிறந்ததென்பதினும் சோம்பலிற் பிறந்ததென்பதே பெரும்பாலும் பொருந்தும்.

இனி, மெய்ம்முயற்சி எத்தன்மைத்து என்பதைத் தமிழ்ப் புலவர் ஒருவருடைய சரித்திரத்தில் வைத்துக் காண்போம். 1855 ஆம் ஆண்டு பிறந்த உ. வே. சாமிநாத ஐயரவர்கள், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம், 1876 இல் அவர் சிவபதமடையும்வரை பாடங் கேட்டவர். 1880 இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப்பண்டிதராக அமர்ந்தார். வயதோ இருபத்தைந்து. அந்தாதியுங் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் புராணமுமாக அவர் கற்றிருந்த நூல்களின் தொகை பெரிது. நல்ல ஆசிரியரிடங் கற்று, நல்ல உத்தியோகமும் பெற்ற ஒருவர் அவ்வளவில் நின்றிருப்பினும் உலகம் அவரைக் குறைகூறியிராது.

அவ்வாண்டிலே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரவர்கள், ஐயரவர்கள் தாம் கற்றனவாக அடுக்கிய நூற்பெயர்களையெல்லாங் கேட்டபின், இவற்றுக்கு முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினாவினார். சீவகசிந்தாமணியை ஐயரவர்கள் படித்ததில்லை. இத்தகைய வினா ஒரு பண்டிதரை இரண்டிலொன்று செய்யும். வினாவியவர்மேற் சினங்கொள்ளச் செய்யும். அல்லது தம்மைத் தாம் நோக்கச் செய்யும். ஐயரவர்கள் முதலியார் கொடுத்த பிரதியைப் பெற்றுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். நூலோ சைன நூல். அதன்கண் வரும் மதக்கோட்பாடுகளும் மரபுச்சொற்களும் சைவ மரபிற் கற்றவர்க்கு எளிதில் விளங்காதன. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனரிடஞ் சென்று, கேட்டு, ஐயந் தெளிந்தார். உரையாசிரியராகிய நச்சினார்க்கினியர் நூற்பெயர் சுட்டாது எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்நூலின எந்நூலின என்று காணும்பொருட்டுப் பிற ஏடுகளைத் தேடினார். அத்தேட்டமே அவரைச் சங்கநூல்களிடங் கொண்டுசென்று சேர்த்தது. பாடஞ் சொல்லும் உத்தியோகத்தை விடாமலே ஏடுகளை ஒப்புநோக்கி, பிழைகளைந்து, பாடபேதங் குறித்து, 1887 இல் சிந்தாமணியை அச்சில் வெளியிட்டார். அதன்பின் 1889 இற் பத்துப்பாட்டும், 1892 இற் சிலப்பதிகாரமும், 1894 இற் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் வெளிவந்தன. 1942 இல் உலக வாழ்வை நீக்கும்வரை அவர் கற்பதை நிறுத்தவில்லை.

அக்காலத்தே நம் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் (1832–1901), தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம், வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்து, இதே துறையில் உழைத்தார் என்பதை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். அவரும் வேறு உத்தியோகம் பார்த்தவரே. பொழுதில்லை என்பார்க்கு இவ்விருவர் வாழ்வும் போதிய விடையாகும்.

ஐயரவர்கள் சரித்திரத்தினின்று மெய்ம்முயற்சியின் இலக்கணம் மூன்று பெறப்படும். முதலாவது, தன் குறையைத் தான் காணல். 'யாம் கற்றது இவ்வளவு' என்று அடுக்குவோன் நின்ற இடத்தே நிற்பான். 'யாம் கல்லாதது இது' என்று ஒன்றைச் சுட்டிச் சொல்லவல்லவனே ஓரடி வைப்பான். இரண்டாவது, குறையை நீக்கவல்லார் எவரிடத்திருப்பினும் அவரிடஞ் சென்று கேட்டல். சாதியும் சமயமும் உத்தியோகமும் கல்விக்கு முன் தடையாய் நிற்கலாகா. மூன்றாவது, செய்ததையே செய்துகொண்டிராது திருத்தித் திருத்திச் செய்தல். செக்குமாடு காலை முதல் மாலைவரை நடக்கின்றது. நடந்த தூரத்தைக் கூட்டினாற் காதங்கள் பல ஆகும். ஆயினும் அஃது ஓரூரையுஞ் சேர்ந்ததில்லை. இருபது வருடம் ஒரே பாடக்குறிப்பை வாசித்த உபாத்தியாயருடைய அனுபவம் இருபது வருட அனுபவமாகாது. ஒரு வருட அனுபவம் இருபது முறை வந்ததேயாம். உழைப்பின் நீளம் மாத்திரம் மேம்பாடு தாராது; அவ்வுழைப்பினூடே குறைகாணுங் கண் விழித்திருத்தல் வேண்டும்.

நிற்க. 'முயன்றால் முடியாதது ஒன்றுமில்லை' என்னும் இரண்டாவது வார்த்தைக்கு வருவோம். இது கேட்பதற்கு இனியது; பிள்ளைகளை எழுப்பிவிடுவது. ஆதலின் இதனைப் பொய்யென்று சொல்ல நா எழுவதில்லை. ஆயினும் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாற்பதின்மருந் தம்மால் இயன்றமட்டும் முயன்றாலும் முதலாம் இடம் ஒன்றே. ஏனை முப்பத்தொன்பதின்மரை நோக்கி இவ்வார்த்தை யாது சொல்கின்றது? 'முயன்றால் முடிந்திருக்கும், முடியவில்லை, ஆகவே நீ முயலவில்லை' என்று சொல்கின்றது. விளக்கு வைத்துப் படித்து, கண்ணெரிந்து, தோற்றுவந்த பிள்ளையை அது தோல்வியோடு விடாமற் குற்றவாளியுமாக்குகின்றது. தலையெழுத்து என்னுஞ் சொல் முயலுமுன் கொல்கின்றது. இச்சொல் முயன்றபின் கொல்கின்றது. எது கொடிது என்பதை உபாத்தியாயர்களே தெளிக.

மேனாட்டு மனநூலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். 1993 இல் எரிக்சன் முதலியோர், பெர்லின் நகரத்து இசைக்கல்விச் சாலையில் வயலின் பயின்ற மாணாக்கரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மிகச் சிறந்தவர் எனப்பட்டோர் தம் பதினெட்டாம் வயதுவரை தனித்திருந்து பயின்ற காலம் சராசரி ஏறத்தாழ 7,400 மணி. அவர்க்கு அடுத்தோர் பயின்றது ஏறத்தாழ 5,300 மணி. இசை ஆசிரியராகப் பயில்வோர் பயின்றது ஏறத்தாழ 3,400 மணி. குறையறிந்து திருத்தும் பயிற்சியே சிறப்புத் தரும் என்பது அவர் கொள்கை. இதனைக் கேட்டோர் பலர், 'மணிகளைக் கூட்டினாற் போதும், யாவரும் வித்துவான்களாகலாம்' என்று முடிவுகட்டினர். ஆயின் 2014 இல் மக்நமாரா என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் இத்தகைய ஆராய்ச்சிகள் பலவற்றை ஒருங்குசேர்த்துக் கணித்தபோது, இசைத்துறையில் மாந்தரிடையே காணப்படும் திறன் வேறுபாட்டில் நூற்றுக்கு 21 பங்கே பயிற்சியின் அளவினால் விளங்குவதாகக் கண்டனர். எஞ்சிய பங்கு பிற காரணங்களைப் பற்றியது. அஃதாவது, பயிற்சி பெரிது. பயிற்சி மாத்திரம் எல்லாமாகாது. நம் ஆன்றோர் ஊழென்றும் ஆள்வினையென்றும் இரண்டையும் ஒருங்கு வைத்தமை இதனால் இழுக்குறவில்லை.

அங்ஙனமாயின், முயன்றும் கருதியது கைகூடாதவனுடைய முயற்சி வீணோ? இவ்வினாவே இப்பொருளின் உயிர்நிலை. இதற்கு விடைகாணப் புதுச்சேரிக் கடற்கரைவரை செல்லுதல் வேண்டும்.

வெள்ளி என்னுங் கிரகம் சூரிய பிம்பத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளிபோலக் கடந்துசெல்லுதல் மிக அரிய காட்சி. எட்டாண்டு இடையிட்டு இருமுறை நிகழ்ந்தால், பின்னர் நூறாண்டுக்கு மேல் நிகழாது. பூமியின் பல இடங்களிலிருந்து அதனை நோக்கிக் காலங் குறித்தாற் சூரியனுக்கும் பூமிக்குமுள்ள தூரத்தைக் கணிக்கலாம். 1761 ஆம் ஆண்டு ஆனி மாதத்துக் காட்சியைப் புதுச்சேரியிலிருந்து காணும்படி பிரான்சு தேசத்து வானநூற் புலவராகிய லெ ஜென்டில் என்பவர் 1760 இற் கப்பலேறினார். அவர் இந்தியக் கரையை அணுகியபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று என்னுஞ் செய்தி எட்டியது, கப்பல் திரும்பிவிட்டது. குறித்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் நின்று கண்டதனாற் கணிதத்துக்குப் பயனில்லை. ஊருக்கு மீண்டாரா? இல்லை. எட்டாண்டு காத்திருந்து அடுத்த காட்சியைக் காண்பதென்று துணிந்தார். மடகாசுகர்க் கரையை அளந்தார், மணிலா சென்றார், புதுச்சேரி பிரான்சியரிடம் மீண்டபின் 1768 இல் அங்கு வந்து, வானங் காணும் மண்டபம் அமைத்து, கருவிகளைச் செப்பஞ் செய்து காத்திருந்தார். 1769 ஆம் ஆண்டு அந்நாட் காலையில் மேகம் வந்து சூரியனை மறைத்தது. வெள்ளி கடந்து முடிந்தபின் மேகம் விலகி வெயில் எறித்தது. அவர் விட்டுவந்த மணிலாவிலோ வானம் தெளிந்திருந்தது. 1771 இல் தம் தேசஞ் சேர்ந்தபோது, அவர் இறந்துவிட்டாரென்று கொண்டு உறவினர் அவருடைய சொத்தைப் பங்கிட முற்பட்டிருந்தனர்.

'முயன்றால் முடியாதது இல்லை' என்போர் இவருக்கு என்ன சொல்வர்? இவரினும் முயன்றார் யாவர்? மேகத்தை விலக்குதல் எவருடைய முயற்சிக்கும் உட்பட்டதன்று. எனினும் அவருடைய பதினோராண்டும் வறிதாயினவா என்று பாருங்கள். இந்தியக் கடல்களின் காற்றையும் கரைகளையும் நாடுகளையும் குறித்து அவர் எழுதிய நூல் 1779 இலும் 1781 இலும் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. புதுச்சேரியிலே தமிழர் கிரகணங் கணிக்கும் முறையைக் கேட்டுக் கற்று, அதனை ஐரோப்பியப் புலவர்க்கு அறிவித்தவர் அவரே. 1765 ஆம் ஆண்டு ஆவணி மாதத்துச் சந்திரகிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறையாற் கணித்தது 41 விநாடி குறைந்தும், ஐரோப்பாவிற் புகழ்பெற்ற மேயர் என்பவருடைய வாய்பாட்டாற் கணித்தது 68 விநாடி கூடியும் இருந்தன என்பதை ஒளிக்காது எழுதினார். தோல்வியால் மனங்கசந்த ஒருவனுக்கு இந்நடுவுநிலைமையும் கற்குந் தாழ்மையும் வாரா. அவர் நாடிச்சென்ற ஒரு காட்சி கிடைக்கவில்லை. நாடிச்சென்ற வழியில் அவர் ஆகிய ஆள் எவராலும் பறிக்கப்படவில்லை.

இனி நாம் தேடிய விடை எளிதிற் புலப்படும். முயற்சிக்குப் பயன் இரண்டு. ஒன்று, கருதிய பொருள். மற்றொன்று, முயல்வோனுடைய மேம்பாடு. கருதிய பொருள் ஊழொடும் பிறரொடும் காலத்தொடும் பிணைந்தது. அது வரினும் வரும், வாராதொழியினும் ஒழியும். முயல்வோன் அடையும் மேம்பாடோ, குறைகண்டு திருத்தும் முயற்சியாயின், தப்பாது வரும். ஐயரவர்களுக்கு இரண்டும் வாய்த்தன. லெ ஜென்டிலுக்குப் பின்னது வாய்த்தது. முன்னதைக் கொண்டு முயற்சியை அளப்போர் இரண்டாமவரைத் தோற்றவர் என்பர். பின்னதைக் கொண்டு அளப்போர் இருவரையும் ஒரு வரிசையில் இருத்துவர். ஆசிரியராகிய நாம் கையிற் பிடிக்கவேண்டிய அளவுகோல் பின்னதே.

யாம் இளமையிற் பயின்ற மிஷன் கல்லூரி நூல்நிலையத்தில், சாமுவேல் ஸ்மைல்ஸ் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1859 இல் வெளியிட்ட 'செல்ப் ஹெல்ப்' என்னும் நூலை விரும்பிப் படித்ததுண்டு. வறுமையிற் பிறந்து உழைப்பால் உயர்ந்த பலருடைய சரித்திரம் அதிற் சொல்லப்பட்டிருக்கின்றது. அந்நூலின் பெயரைக் கண்டு, அது தந்நலத்தைப் போற்றும் நூலென்று சிலர் பிழைபடக் கொண்டனர் என்று, 1866 ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் ஆசிரியரே வருந்தி எழுதினார். அவ்வருத்தம் நமக்கும் ஒரு பாடமாகின்றது. மேம்பாடு என்றவுடன் பிறன் தோளில் ஏறிநிற்றல் என்று உலகம் பொருள்செய்துகொள்கின்றது. சிந்தாமணிப் பதிப்பால் உயர்ந்தவர் ஐயரவர்கள் ஒருவரோ? தமிழ் கற்பார் அனைவரும் உயர்ந்தனர். ஒருவன் தன்னைத் திருத்திக்கொண்டதன் பயன் பிறர்க்கும் பயன்படுதலே மேம்பாட்டின் நிறைவு.

ஈண்டுச் சிலர் ஓர் ஆசங்கை நிகழ்த்துவர். போட்டியை நீக்கிவிட்டாற் பிள்ளைகள் சோம்பிவிடுவர், முதலிடம் என்னும் ஆசையே அவர்களை ஓட்டுகின்றது என்பர். இதற்கு விடை வகுப்பறையிலேயே உளது. போட்டி ஓட்டுவது முதலிடத்துக்கு அண்மையிலுள்ள நாலைந்து பிள்ளைகளையே. நடுவிலுள்ளோர்க்கு அது கேளிக்கை; கடைசியிலுள்ளோர்க்கு அது நாள்தோறும் பெறுந் தண்டனை. முதற்பிள்ளைக்கோ வேறொரு கேடு விளைக்கின்றது. இரண்டாம் பிள்ளையிலும் இரண்டு புள்ளி கூடியிருந்தாற் போதுமென்று, தன் ஆற்றலிற் பாதியைப் பூட்டிவைக்கப் பழகுகின்றது. நேற்றைய தன்னை இன்று வெல்லவேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளைக்கு ஓய்வு ஏது? அந்த எதிரி ஒருநாளுந் தோற்று ஓடிப்போவதில்லை.

இவ்வாராய்ச்சி நமக்கு இப்பொழுது வேண்டப்படுதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் அண்மை வருடங்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சஞ் சிறுவர் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை எழுதுகின்றனர். அவருட் பெரும்பாலோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேயே நிற்பர். அப்பரீட்சையின் அமைப்பே அத்தகையது. பெறுபேறு வந்த நாளிற் சித்தியடைந்தோர் படம் பாடசாலை வாயிலில் தொங்குகின்றது. படமில்லாத பிள்ளை பத்து வயதிலே தன்னைத் தோற்றவனென்று அறிந்துகொண்டு அவ்வாயில்வழியே உள்ளே வருகின்றது. அப்பிள்ளை வகுப்பிற் புகும்பொழுது உபாத்தியாயர் சொல்லும் முதல் வார்த்தை யாதாயிருத்தல் வேண்டும்? 'உனக்கு எழுதினது அவ்வளவுதான்' என்றால் ஊழின்மேல் பொய் சொன்னவராவர். 'நீ இன்னும் முயன்றிருக்கலாம்' என்றாற் பிள்ளைமேல் பொய் சொன்னவராவர். தை மாதத்தில் அப்பிள்ளை எழுதிய கட்டுரைக் கொப்பியையும் ஆவணியில் எழுதியதையும் அருகருகே விரித்துவைத்து, 'இதனை எழுதியவனும் நீயே. இதனை எழுதியவனும் நீயே. இவ்விரண்டுக்கும் இடையில் நீ நடந்த தூரத்தைப் பார்' என்று சொல்வாராயின், அவர் சொன்னது மெய். அதன்பின், 'இன்னும் உனக்குக் கைவராதது இஃதொன்று; இதனை நாளை இருவருஞ் சேர்ந்து பார்ப்போம்' என்பாராயின், அவர் மெய்யோடு துணையும் அளித்தவராவர். யாம் முன்னர்ச் சொன்ன மெய்ம்மொழி இதுவே. 'முயன்றால் நீ முதல்வனாவாய்' என்று எவரும் உறுதி கூறல் இயலாது. 'குறைகண்டு முயன்றால் நேற்றைய நீயாக இராய்' என்று எப்பிள்ளைக்கும் உறுதி கூறலாம்.

இம்மொழியைச் சொல்லுதற்கு உபாத்தியாயர்க்குச் சில ஒழுக்கங்கள் வேண்டப்படும். பிள்ளைகளின் பழைய கொப்பிகளை வீசிவிடாது வைத்தல் வேண்டும். வளர்ச்சிக்குச் சாட்சி அவையே. பிழைமேற் சிவப்புக் கோடிடுவதோடு நில்லாது, அப்பிழை எதனால் வந்ததென்று ஒரு வரி எழுதுதல் வேண்டும். பரிசளிப்பில் முதலிடம் பெற்றார்க்குப் போலவே, தவணைக்குத் தவணை தம்மைத் திருத்திக்கொண்டார்க்கும் ஓர் இடம் வைத்தல் வேண்டும். இவை பொருட்செலவு வேண்டாதவை. மனம் மாத்திரம் வேண்டுபவை.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. தாம் முயலாத ஆசிரியர் முயற்சியைக் கற்பித்தல் நீந்தாதவன் கரையில் நின்று நீச்சல் கற்பித்தலை ஒக்கும். இவ்வாண்டு யாம் புதிதாகக் கற்றது யாது என்று நம்மை நாம் வினாவுவோமாக. பண்டிதப் பட்டமும் பயிற்சிச் சான்றிதழும் பெற்றபின், 'படித்ததுண்டா' என்று ஒருவர் நம்மை வினாவினால் நாம் வெகுள்வோமா, ஏட்டைக் கையில் வாங்குவோமா? ஒரு புதிய நூல், ஒரு புதிய கணக்குமுறை, அயல்வகுப்பு இளைய உபாத்தியாயரிடங் கேட்டறிந்த ஒரு கற்பித்தல் வழி, யாதாயினும் ஆகுக. அதனைக் கற்கும்போது நாம் படும் இடர்ப்பாட்டைப் பிள்ளைகள் காணட்டும். ஆசிரியர் தடுமாறி, அழித்து, மீண்டும் எழுதுவதைக் கண்ட பிள்ளை, தடுமாறுதல் இழிவன்று என்று அறியும். நூறு மேடைப் பிரசங்கங்கள் அவ்வறிவைத் தாரா.

வயலைக் கொடுத்தவன் இறைவன். மழையைப் பெய்விப்பவனும் அவனே. கொழுவைப் பிடிக்குங் கை நம்முடையது. விளைவு எத்துணையாயினும், அறுவடை நாளில் நம் கை உழுத கையாகக் காணப்படுதலே நமக்கும் நம்பால் ஒப்புவிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் சிறப்பாம். அச்சிறப்பு யாவர்க்கும் வாய்க்கத் திருவருள் முன்னிற்பதாக.